பின்கட்டில் 10 நாட்டுக்கோழி: கூடு, அடை, குஞ்சு, தடுப்பூசி

பள்ளத்தூர் வளவு

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் பழைய வீடு. பின்கட்டுக்கு வெளியே ஏறத்தாழ 30க்கு 40 அடி இடம். சுற்றிலும் ஆளுயர மதில், ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, கிணற்றடி. செம்மண் தரை. வீட்டு முட்டைக்கும் அவ்வப்போது கறிக்குமாக 10 பெட்டை, ஒரு சேவல் வைக்கலாம் என்று எண்ணம்.

சந்தையில் வளர்ந்த கோழியாக வாங்குவதா, குஞ்சாகவா? எந்த இனம் தோது? பங்குனி, சித்திரையில் அடை வைத்தால் பாதி கூமுட்டையாகிறது, பொரித்த குஞ்சும் ஒரு மாதத்துக்குள் கழிந்து செத்துப்போகிறது என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். இது ஏன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

செவலைச் சேவல்

தம்பி, முதலில் சந்தைக் கோழி வேண்டாம். காரணம் சொல்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு கோழி தூங்கி விழுந்தாலே மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய்விடுவது நம் பக்கத்து வழக்கம். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்னும் கோழிக்கழிச்சல் நோய்) கிருமி உடம்பில் ஏறியபின் குறி தெரிய 2 முதல் 15 நாள் ஆகும், பெரும்பாலும் 5, 6 நாள். அதனால் வாங்கும்போது கொண்டை சிவந்து, கண் தெளிந்து, நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் தானும் போய், இருக்கிறதையும் கொண்டுபோகும். தெரிந்த வீட்டில், தடுப்பூசி போட்ட 3, 4 மாத வெடைக்கோழியாக (இன்னும் முட்டைக்கு வராத இளம்பெட்டை) வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் 21 நாள் தனிப் பஞ்சாரத்தில், உங்கள் கோழிகள் மேயாத பக்கம் வையுங்கள். தீனிச்சட்டி, தண்ணிச்சட்டி தனி. முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியில்தான் புதுக்கோழிப் பக்கம் போக வேண்டும். செருப்பில் ஒட்டிய எச்சமே போதும் நோய் கடத்த.

இனம்: உங்கள் நோக்கத்துக்குச் சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடைதான். ஒரு ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, 10 முதல் 15 முட்டை, ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு. அடையில் பொறுமையாக உட்காரும், குஞ்சைக் காக்கும். பெருவிடை பார்க்க அழகு, ஆனால் முட்டை குறைவு, கனத்தால் அடையில் முட்டையை உடைக்கும், சேவல்கள் ஒன்றையொன்று கொன்றுவிடும். வனராஜா, கிராமப்பிரியா, நந்தனம் போன்ற மேம்படுத்திய இனங்கள் நாட்டுக்கோழியைவிட நிறைய முட்டையிடும். அடைக்கு அவற்றை நம்ப முடியாது. முட்டை மட்டும் போதும் என்றால் அவை சரி. குஞ்சும் வேண்டும் என்றால் சிறுவிடை இல்லாமல் ஆகாது.

சேவல் ஒன்று 8, 10 பெட்டைக்குத் தாராளம். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சேவலாக மாற்றுங்கள். தன் குஞ்சோடு தானே சேர்ந்தால் பொரிப்பு குறையும், கால் கோணிய குஞ்சு வரும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் பத்து நாளுக்கு மேலும் தங்கும் என்பதால், சேவலை மாற்றியபின் மூன்று வாரம் கழித்து இட்ட முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும்.

இன்னொன்று: 1,200 சதுர அடியை 11 கோழி மூன்றே மாதத்தில் மொட்டைத் தரையாக்கிவிடும். மேய்ச்சலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கல்தூண் கொட்டகை

கூடு பற்றி நான் சொல்கிறேன். இரவில் மட்டும் அடைய, 12 கோழிக்கு 6க்கு 4 அடி. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் நான்கு கல்தூண் மேல் நிற்கட்டும். நம் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. கூரைக்குக் கீற்று அல்லது நாட்டு ஓடு. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டால் சித்திரையில் கோழி உள்ளேயே வெந்துவிடும். வேறு வழியில்லை என்றால் மேலே சுண்ணாம்பு அடித்து, தென்னங்கீற்று பரப்புங்கள். வடக்கு, தெற்குச் சுவர் இரண்டும் முழங்கால் உயரத்துக்கு மேல் வலை.

அந்த வலை அரை அங்குலக் கண் வெல்டு மெஷ்ஷாக இருக்க வேண்டும். கடையில் 'கோழிவலை' என்று தரும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும், கீரி கைவிட்டுக் குஞ்சை இழுக்கும். செட்டிநாட்டில் கூடுதலாக ஒரு ஆபத்து மரநாய். பூட்டிக்கிடக்கும் வீடுகளின் மேல்மச்சிலும் ஓட்டுக்கூரையிலும் குடியிருக்கும், இரவில் மதில் வழியே இறங்கும். கதவுக்கு மேலும் கீழும் இரண்டு கொக்கி. உங்கள் கட்டைவிரல் நுழையும் சந்து எங்கே இருந்தாலும் அடைத்துவிடுங்கள். பாம்பு வருவது பெரும்பாலும் எலிக்காகவும் முட்டைக்காகவும். இரவில் தீனிச்சட்டியை வெளியே விடாமல், முட்டையைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

உள்ளே உட்காரும் கட்டை 2 அங்குல அகலம், விளிம்பு மழுக்கியது, ஒரு கோழிக்கு 8 அங்குல நீளம். எல்லாக் கட்டையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஏற்றத்தாழ்வாக வைத்தால் மேல்கட்டைக்குத் தினமும் சண்டை நடக்கும், கீழே உள்ளதன் மேல் எச்சம் விழும். முட்டைப் பெட்டி ஓரடிக்கு ஓரடி, நான்கைந்து கோழிக்கு ஒன்று, இருட்டான மூலையில்.

பழைய மதிலை ஒட்டிக் கூடு வைக்காதீர்கள். காரை பெயர்ந்த சுவர் வெடிப்பில் கோழி உண்ணி பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். பல மாதம் தீனியில்லாமல் உயிரோடிருக்கும் பூச்சி அது. பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொண்டை மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்து உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தையும் முனைகளையும் பாருங்கள். இருந்தால் வெடிப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் பூசி, கட்டைகளை வெந்நீர் ஊற்றி வெயிலில் காய வைக்க வேண்டும்.

பள்ளத்தூர் வளவு

நன்றி அண்ணே. மதிலிலிருந்து ஐந்தடி தள்ளி, வேம்புக்குக் கிழக்கே வைக்கிறேன். அடை விஷயம் யாராவது சொல்லுங்கள். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் ஆணியும் கரித்துண்டும் வரமிளகாயும் போடச் சொல்கிறார்கள்.

ஆச்சி வீட்டு அடை

ஆணியும் கரியும் போடுங்கள், அதனால் கேடில்லை. ஆனால் முட்டையைக் கெடுப்பது இடியல்ல. சித்திரை முட்டை பெரும்பாலும் அடைக்கு வைப்பதற்கு முன்பே கெட்டுவிடுகிறது.

விவரம் இதுதான். 24 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கும். ஒழுங்காக வளர 37.5 டிகிரி வேண்டும். நம் சமையல்கட்டில் சித்திரையில் 35 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் பத்து நாள் சேர்த்து வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துப்போயிருக்கும். அதைக் கோழிக்கு அடியில் வைத்தால் கூமுட்டை ஆகாமல் என்ன ஆகும்?

அகன்ற மண்சட்டியில் பாதிக்கு ஆற்றுமணல் போட்டுத் தண்ணீர் தெளித்து, அதன்மேல் காடாத்துணி விரித்து, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். சட்டி இருட்டறையில், தரையில் இருக்கட்டும். கோடையில் 4, 5 நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். மார்கழியில் ஒரு வாரம் வைக்கலாம். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவக்கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய்விடும், கிருமி உள்ளே இறங்கும். அடைக்கு எடுக்காமல் சமையலுக்கு வைத்துவிடுங்கள்.

சிறுவிடைக்கு 10, 11 முட்டை. கோடையானால் 9 போதும். வயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்டை மாறிமாறி எல்லா முட்டையையும் குளிர வைக்கும். கூடையில் இரண்டு அங்குலம் மணல், மேலே நொறுங்கிய வைக்கோல்.

அடைக்கு உட்கார வைக்கும் முன் கோழிக்குச் செள்ளு, பேன் பாருங்கள். எருவாயைச் சுற்றி இறகை விலக்கினால் தெரியும். இதைப் பார்க்காமல் வைப்பதுதான் பத்தாம், பன்னிரண்டாம் நாளில் கோழி அடையை விட்டு எழுந்து ஓடுவதற்குக் காரணம். அசையாமல் உட்காரும் கோழியின் மேல் பேன் பெருகிவிடும், தாங்காது. அடுப்புச் சாம்பல், வேப்பிலைத் தூள், காய்ந்த செம்மண் மூன்றையும் சம அளவில் கலந்து, இறகுக்குள் போகும்படி தூவித் தேய்த்துவிட்டு, மறுநாள் அடை வையுங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்பாக ஒட்டியிருக்கும் செள்ளுக்குச் சாம்பல் போட வேண்டாம். தேங்காய் எண்ணெயைக் கனமாகத் தடவினால் மூச்சடைத்து உதிரும்.

அடைக்கோழிக்குத் தினம் ஒருமுறை கம்பும் தண்ணீரும். கூழ், சோறு வேண்டாம், கழிச்சல் போய் முட்டையை நாசமாக்கும். 15, 20 நிமிஷம் எழுந்து தின்று, மண்ணில் குளித்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஏழாம் நாள் இரவு மொபைல் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு உயிரோடிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளிச்சமாக இருந்தால் கருக்கட்டாதது. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் செத்த கரு. இரண்டையும் எடுத்துவிடலாம். பதினான்காம் நாள் இன்னொரு முறை. பதினெட்டுக்கு மேல் தொடவே கூடாது. வறண்ட காற்றடித்தால் அந்தக் கடைசி மூன்று நாள் கூடையின் ஓரத்து மணலில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளியுங்கள். ஈரப்பதம் குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கால் ஓட்டை குத்திய குஞ்சு வெளியே வர முடியாமல் சாவது அதனால்தான்.

மருந்துப்பெட்டி

ஆச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இந்த இழையிலேயே இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. அடையை ஒவ்வொரு கோழியாக, அது அது அடைக்கு விழும் நாளில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று கோழிக்கு ஒரே நாளில் வையுங்கள். முதலில் அடைக்கு விழுந்ததை நான்கு வெறும் முட்டையில் உட்கார வைத்தால் ஒரு வாரம் காத்திருக்கும். அதற்குள் இன்னொன்று, இரண்டு விழும். ஒரே இரவில் எல்லாவற்றுக்கும் நல்ல முட்டையை மாற்றிவிடலாம்.

என்ன லாபம்? தடுப்பூசிக் குப்பியில் 100 டோஸ் இருக்கும். கலக்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீணாகிவிடும். எட்டுக் குஞ்சுக்கு யாரும் திறக்க மாட்டார்கள், அதனால் போடாமலே விடுகிறார்கள். 25 குஞ்சு ஒரே வயதில் இருந்தால், பக்கத்து இரண்டு வீட்டையும் சேர்த்துக்கொண்டு துணிந்து திறக்கலாம். வயது கலந்து வளர்த்தால் பெரிய குஞ்சின் எச்சத்திலிருந்து சின்னதற்கு ரத்தக்கழிச்சல் ஏறிக்கொண்டே இருக்கும், அதுவும் குறையும்.

அட்டவணை: 7ஆம் நாள் லசோட்டா (குஞ்சுக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து), கண்ணில் ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து, அதுவும் சொட்டு. 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. தண்ணீரிலும் கொடுக்கலாம், ஆனால் இத்தனை குறைவான குஞ்சுக்குக் கண்சொட்டே உறுதி. தண்ணீரில்தான் என்றால் குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் கூடாது, கிணற்றுத்தண்ணீர் எடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் ஆடை நீக்கிய பால்பவுடர் கலந்துவிட்டு மருந்தைச் சேர்க்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் இருந்து, பிறகு வைத்தால் ஒரே மூச்சில் குடித்துவிடும். 6ஆம் வாரம் அம்மைத் தடுப்பூசி, இறக்கைச் சவ்வில் குத்துவது. 8ஆம் வாரம் ஆர்.டி.வி.கே. (வளர்ந்த கோழிக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி), இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. இதை அவசரப்பட்டு முன்னால் போடக்கூடாது, வீரியமான கிருமி, இளங்குஞ்சு தாங்காது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போடுவதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம்.

குப்பியை வாங்கியதிலிருந்து போடும்வரை 2 முதல் 8 டிகிரி. ஐஸ் போட்ட பிளாஸ்க் இல்லாமல் பஸ்ஸில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

கீழாநெல்லி

இத்தனை ஊசி தேவையா? சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சள்தூள் 5 கிராம், கீழாநெல்லி 50 கிராம், சின்ன வெங்காயம் 5, பூண்டு 5 பல் அரைத்துப் பத்துக் கோழிக்குத் தீனியில் கலந்து கொடுக்கலாமே. கால்நடை மருத்துவர்களே சொல்லும் மூலிகை முறைதான்.

மருந்துப்பெட்டி

கொடுங்கள் ஐயா, நல்ல மருந்துதான். பக்கத்துத் தெருவில் நோய் என்று கேள்விப்பட்டதும் கொடுப்பதற்கும், பிழைத்துவரும் கோழிக்குத் தெம்பு கூட்டவும் உதவும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து திருகிக்கொண்டபின் எந்த மருந்தும் அதை மீட்காது. தடுப்பூசிக்குப் பதிலாக மூலிகை என்று வைத்தால் மொத்தக் கூடும் காலியாகும். இரண்டும் சேர்ந்து இருக்கட்டும். செத்த கோழியைக் கண்மாயிலோ முள்ளுக்காட்டிலோ வீசாமல், மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஊருக்கெல்லாம் நோய் பரப்புவது அந்த வீச்சுதான்.

செவலைச் சேவல்

குஞ்சு ஒரு மாதத்தில் கழிந்து சாவது பற்றி: மூன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள், எச்சத்தில் ரத்தம், இறகைச் சிலிர்த்துக்கொண்டு குன்னி நிற்கும் என்றால் அது ரத்தக்கழிச்சல். மூலகாரணம் ஈரம். தண்ணிச்சட்டியைச் சுற்றி நனைந்த உமியில்தான் கிருமி முற்றும். சட்டியைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் வைத்து, நனைந்த உமியை அன்றன்றே அள்ளி வெளியே போடுங்கள். உமியைக் கையில் இறுக்கிப் பிடித்தால் கட்டியாகாமல் உதிர வேண்டும்.

மருந்துப்பெட்டி

ரத்தக்கழிச்சல் வந்துவிட்டால் ஆம்ப்ரோலியம் மருந்து. 20 சதவீதத் தூள் லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள், வேறு தண்ணீர் வைக்காமல். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தவறு பரவலாக நடக்கிறது: குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் ஊற்றுகிறார்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே அந்தக் கிருமிக்கு பி1 கிடைக்காமல் தடுத்துத்தான். டானிக்கை ஊற்றினால் மருந்து பயனற்றுப்போகும். ஐந்து நாள் முடிந்தபின் டானிக் கொடுங்கள்.

ஆச்சி வீட்டு அடை

மூன்று கோழி ஒன்றாகப் பொரித்தால், இரண்டாம் நாள் இருட்டியபின் ஒன்றின் குஞ்சுகளை மற்ற இரண்டுக்கும் அடியில் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். ராத்திரியானால் ஏற்றுக்கொள்ளும், பகலில் கொத்தும். ஒரு தாய்க்கு 12க்கு மேல் வேண்டாம். குஞ்சில்லாத மூன்றாவது கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். தாயோடு இருந்தால் பல்பு தேவையில்லை. தாயில்லாமல் வளர்த்தால்தான் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பது எல்லாம். குஞ்சைப் பார்த்தாலே தெரியும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு.

முதல் ஒரு மாதம் தாயும் குஞ்சும் வலை போட்ட அடைப்பில். காக்கை, வைரி, பருந்து மூன்றும் இங்கே உண்டு.

பள்ளத்தூர் வளவு

தீனி? வீட்டு மிச்சம் போதுமா?

கல்தூண் கொட்டகை

போதாது. உங்கள் இடத்தில் மேய்ச்சல் குறைவு என்பதால் தலைக்கு 60, 70 கிராம் கலப்புத்தீனி வேண்டும். பதினோரு கோழிக்கு நாளைக்கு ஏறத்தாழ 700 கிராம், மாதம் 21 கிலோ. பத்துக் கிலோவுக்குக் கணக்கு: உடைத்த மக்காச்சோளம், கம்பு, சோளம் எது மலிவோ அது 5.2 கிலோ, அரிசித்தவிடு 1.5, கடலைப்பிண்ணாக்கு 1.7, கருவாட்டுத்தூள் 800 கிராம், கிளிஞ்சல்தூள் 600 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். காலையில் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் சாயங்காலம் கூட்டுக்குப் பக்கத்தில். சாயங்காலத் தீனிதான் கோழியைக் கூட்டுக்கு அழைத்துவரும்.

கருவாடு உப்பில்லாததாக இருக்க வேண்டும். தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் உப்புக்கருவாட்டை அரைத்துப் போட்டால் உப்பு ஏறிக் கோழி சாகும். பிண்ணாக்கு மழைக்காலத்தில் பூசணம் பிடித்திருந்தால், அலசிக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நஞ்சு கழுவினாலும் வெந்நீர் ஊற்றினாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும், தடுப்பூசி போட்டும் பலிக்காது. தூக்கி எறியுங்கள்.

வீட்டு மிச்சத்தில் காரத்துக்குப் பயப்பட வேண்டாம், பறவைக்கு மிளகாய் உறைக்காது. உப்புதான் பகை: ஊறுகாய், அப்பளம், குழம்புக் கசடு போடாதீர்கள். கிளிஞ்சலைத் தனிச் சட்டியிலும் கொஞ்சம் வையுங்கள், முட்டையிடும் கோழி தேவைக்குத் தானே எடுத்துக்கொள்ளும்.

குஞ்சுக்குக் கரையான் நல்ல புரதம். பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்று உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியற்காலை நிறைந்திருக்கும். வீட்டு மரத்தூண், கதவு நிலைப் பக்கம் வைத்துவிடாதீர்கள், தேக்குக்கு ஆபத்து.

செவலைச் சேவல்

அக்னி நட்சத்திரத்தில் 11 மணிக்கு மேல் 4 மணிவரை தீனி போடாதீர்கள், செரிமானச் சூடும் சேரும். வேம்படியில் மணலை நனைத்துவிட்டால் அதில் படுத்துக்கொள்ளும். தண்ணீர் மண்சட்டியில், மூன்று இடத்தில் இருந்தால்தான் பலம் குறைந்த கோழியும் குடிக்கும். இறக்கையை விரித்து மூச்சிரைத்துச் சாய்ந்தால் காலையும் அடிவயிற்றையும் கிணற்றுத்தண்ணீரில் நனையுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பள்ளத்தூர் வளவு

கடைசியாக இரண்டு. எந்த மாதம் அடை வைத்தால் நல்லது? முட்டையிடும் கோழிக்கு ஆர்.டி.வி.கே. போட்டால் முட்டை நின்றுவிடுமா?

மருந்துப்பெட்டி

ஆண்டுக்கு இரண்டு தொகுதி போதும். மார்கழி நடுவில் வைத்தால் தை முதல் வாரம் பொரிக்கும், வெயில் ஏறுமுன் எட்டு வாரம் கடந்துவிடும். அடுத்தது ஆடி முதல் வாரம். ஐப்பசி அடைமழைக்குள் குஞ்சு தேறிவிடும். ஆடிக்காற்றுக்கு மேற்குப் பக்கம் சாக்கு கட்டுங்கள். மழையில் கொசு பெருகும், அம்மை அதனோடு வரும், ஆகவே ஆறாம் வார ஊசியை அந்தத் தொகுதிக்குத் தள்ளிப்போட வேண்டாம். இடையில் அடைக்கு விழும் கோழியை நான்கு நாள் அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டில் வைத்தால் தெளிந்துவிடும்.

ஊசிக்குப்பின் ஒன்றிரண்டு வாரம் முட்டை குறையலாம், நிற்காது, தானே திரும்பும். கால்நடைத்துறை பிப்ரவரியில் நடத்தும் இலவச கோழிக்கழிச்சல் முகாமில் பெரிய கோழிகளுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தைக் குஞ்சுகளுக்கு அப்போது மூன்று, நான்கு வாரம்தான் ஆகியிருக்கும், முகாமுக்குக் கொண்டுபோக வேண்டாம். பங்குனி தொடக்கத்தில் கால்நடை மருந்தகத்தில் தனியாகக் கேட்டுப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆவணியில் பெரியவற்றுக்கு அடுத்த ஊசி.